நட்சத்திர ஆட்டத்தில் ஏன் யாரும் தடுப்பதில்லை?

(வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டுப் பகுதி)

அமெரிக்கா, கனடாவின் ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்., கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. இரண்டும் சீசன் நடுவில் நட்சத்திர வீரர்களை ஒன்றுசேர்த்து ஆல்-ஸ்டார் விழா நடத்துவது வழக்கம். அதைப் பற்றிக் கேரள எல்லையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஹாக்கி என்று இங்கே நாங்கள் எழுதுவதெல்லாம் ஐஸ் ஹாக்கியைத்தான். நம் ஊர் ஹாக்கி வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறோம்.

என்.பி.ஏ. ஆல்-ஸ்டாரில் ஒரு அணி 211 புள்ளி அடிக்கிறது. எதிரணி நின்று வேடிக்கை பார்க்கிறது. ஹாக்கியிலும் இதே கூத்துதானா?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

நீங்கள் சொல்வது 2024-இல் இண்டியானாபோலிஸில் நடந்த ஆட்டம். லீகின் கிழக்குப் பகுதி அணிகளின் நட்சத்திரங்கள் 211, மேற்குப் பகுதியினர் 186. ஹாக்கியின் கதையும் லேசுப்பட்டதல்ல. 2015-இல் கொலம்பஸில் நடந்த ஆல்-ஸ்டார் 17–12 என்று முடிந்தது. மொத்தம் 29 கோல். சாதாரண லீக் ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஆறு கோல் போட்டாலே நல்ல ஆட்டம் என்பார்கள்.

காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். தோற்றால் எதுவும் போவதில்லை, அடிபட்டால் சீசனே போய்விடும். ஹாக்கியில் தடுப்பது என்றால் எதிராளியை உடம்பால் மோதிச் சுவரோடு சாத்துவது, பறந்து வரும் பக்கின் குறுக்கே விழுவது. பக் என்பது 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருவதை ஒரு காட்சி ஆட்டத்துக்காக யார் நெஞ்சில் வாங்குவார்கள்?

ஆனால் விளைவு ஒன்றல்ல. கூடைப்பந்தில் தடுப்பாட்டம் தளர்ந்தாலும் எம்பிக் குதித்து வளையத்துக்குள் பந்தைத் திணிக்கும் டங்க் உண்டு, பாதி மைதானத்திலிருந்து எறியும் பந்து உண்டு; பத்து நிமிடமாவது கண்ணுக்கு விருந்து. ஹாக்கியில் மோதலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாஸ் பழகும் பயிற்சிதான். அதில் சிக்கிக்கொள்பவர் கோல்கீப்பர். முன்னால் இருக்கும் பத்துப் பேரும் உலாவலாம், அவர் மட்டும் முழு வேகத்தில் வரும் பக்கைத் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

வீரர்களுக்கு இது சுமைதான் என்பதற்கு ஒரு சாட்சி: காயமில்லாமல் ஹாக்கி ஆல்-ஸ்டாரைத் தவிர்ப்பவருக்கு ஒரு லீக் ஆட்டம் தடை உண்டு. அலெக்ஸ் ஒவெச்கின் 2019-லும் 2020-லும் ஓய்வுதான் முக்கியம் என்று அந்தத் தடையை ஏற்றுக்கொண்டு விலகினார்.

ஹாக்கிக்காரர்கள் மூவர் அணியாக மாற்றியது ஏன்? எங்கள் பக்கம் செவன்ஸ் ஃபுட்பால் பார்த்து வளர்ந்தவன், அதனால் கேட்கிறேன்.
– மளிகைக் கடைக்காரர், கொல்லங்கோடு

செவன்ஸ் பார்த்தவருக்குப் பாதி பதில் தெரிந்திருக்கும். அங்கே ஆளையும் குறைக்கிறார்கள், மைதானத்தையும் குறைக்கிறார்கள். இவர்கள் ஆளை மட்டும் குறைத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். என்.ஹெச்.எல். பனித்தளம் 200 அடிக்கு 85 அடி, அதாவது 17,000 சதுர அடி. கோல்கீப்பரை விட்டு ஐவருக்கு ஐவர் ஆடினால் ஆளுக்கு 1,700 சதுர அடி. மூவருக்கு மூவர் என்றால் 2,800-க்கு மேல். இவ்வளவு வெட்டவெளியில் மோதவும் அவசியமில்லை, மோத எண்ணினாலும் ஆள் கிடைக்கமாட்டார். தடுப்பாட்டம் இல்லாத குறை வெளியே தெரியாது. ஒருவர் பந்தயக் குதிரையாகப் பாய்ந்தால் மற்றவர் துரத்தியே ஆக வேண்டும்.

2016-இல் நாஷ்வில்லில் இதைத் தொடங்கினார்கள். பசிபிக் முதலான லீகின் நான்கு பிரிவுகளுக்கு நான்கு அணி, அணிக்கு 11 பேர்: ஆறு முன்கள வீரர், மூன்று தடுப்பாளர், இரண்டு கோல்கீப்பர். ஒரு ஆட்டம் 20 நிமிடம், பத்துப் பத்தாக இரண்டு பாதி. வெல்லும் அணிக்கு 10 லட்சம் டாலர். பிரித்தால் ஆளுக்கு 90,000 டாலர் சொச்சம். அரையிறுதியில் 9–6 என்று கோல் மழை பெய்வித்த பசிபிக் அணி, இறுதியில் 1–0 என்று வென்றது. முந்தைய வருடம் 29 கோல், இப்போது ஒரே கோல்! பணம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்ததும், ஆட்டம் குறுகியதும், கோல்கீப்பருக்கு இன்னொருவர் மாற்றாக இருந்ததும் சேர்ந்து செய்த வேலை அது. பணம் மட்டுமே காரணம் என்று நாங்கள் நம்பவில்லை. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவருக்கு 90,000 டாலர் பெரிய தூண்டில் இல்லை. இருபது நிமிடம் என்றால் முழு மூச்சாக ஆடலாம், அறுபது நிமிடம் என்றால் முடியாது என்பதுதான் முக்கியம்.

கூடைப்பந்துக்கு இந்த மருந்து அவ்வளவாக ஒட்டாது. 94 அடிக்கு 50 அடி தளத்தில் பத்துப் பேர். ஆளுக்கு 470 சதுர அடி. அந்த நெருக்கத்தில் தடுப்பாட்டம்தான் பாதி ஆட்டமே.

"டார்கெட் ஸ்கோர்" என்று என்.பி.ஏ. ஒன்று வைத்தார்களே, அது எப்படி வேலை செய்தது? பிறகு ஏன் கைவிட்டார்கள்?
– வழக்கறிஞர், திருத்தணி

2020, சிகாகோ. முதல் மூன்று கால் பகுதிகளையும் தனித்தனி ஆட்டமாக்கினார்கள். ஒவ்வொன்றும் 0–0-இல் தொடங்கும், வெல்லும் அணி தன் பங்குக்கு ஓர் அறக்கட்டளைக்குப் பணம் பெற்றுத்தரும். அணிகளுக்குக் கேப்டன்களான லெப்ரான், யானிஸ் இருவரின் பெயர்தான். முதலாவது லெப்ரான் அணிக்கு 53–41, இரண்டாவது யானிஸ் அணிக்கு 51–30, மூன்றாவது 41–41. கூட்டினால் யானிஸ் அணி 133, லெப்ரான் அணி 124. முன்னிலையில் உள்ள 133-உடன் 24-ஐச் சேர்த்தார்கள். சில வாரங்களுக்கு முன் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த கோபி பிரையன்ட்டின் சட்டை எண் அது. இலக்கு 157. நான்காவது பகுதிக்குக் கடிகாரமே கிடையாது. யார் முதலில் 157-ஐத் தொடுகிறாரோ அவர் ஜெயித்தார்.

கடிகாரம் போனதும் நடந்ததுதான் சுவாரசியம். முன்னிலையில் இருப்பவர் நேரத்தைக் கடத்த முடியாது. பின்தங்கியவர் வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தத் தேவையில்லை. எந்தப் பந்து கடைசிப் பந்தாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாததால் ஒவ்வொன்றையும் தடுத்தாக வேண்டும். கைல் லவுரி பாய்ந்து வரும் எதிராளியின் பாதையில் நின்று இடி வாங்கி ஃபவுல் பெற்றார்; ஆல்-ஸ்டாரில் அதுவரை யாரும் கனவிலும் செய்யாத காரியம். ஆண்டனி டேவிஸின் ஒரு ஃப்ரீ த்ரோ 157–155 என்று முடித்துவைத்தது.

அதே விதி 2023-லும் இருந்தது. ஆட்டம் 184–175 என்று முடிந்தது. கடைசிப் பகுதி வருவதற்குள் பார்த்தவர்கள் சலித்துப்போனார்கள். இலக்கு வைப்பதால் கடைசிப் பத்து நிமிடத்தை மீட்கலாம், அதற்கு முந்தைய 36 நிமிடத்தை மீட்க முடியாது. 2024-இல் பழையபடி கிழக்கு–மேற்கு, முழு 48 நிமிடம். அதன் விளைவுதான் மேலே கண்ட 211. 2025-இல் நான்கு அணிகள், 40 புள்ளியை முதலில் தொடுபவர் வெற்றி என்று சுருக்கினார்கள். எண்ணம் சரி, ஆனால் இறுதி ஆட்டத்தின் நடுவே நீளமான இடைநிகழ்ச்சியைச் செருகி, சூடேறிய வீரர்களை உட்காரவைத்துவிட்டார்கள்.

எங்கள் கிளப்பின் பொங்கல் போட்டியில் என்.பி.ஏ. மாதிரி மூன்று புள்ளி எறியும் பந்தயம் வைக்க ஆசை. எங்களிடம் இருப்பது பத்துப் பந்து. விதிகளைச் சொல்லி, எங்களுக்கு ஏற்றபடி மாற்றியும் தாருங்கள்.
– கிளப் செயலாளர், வேலந்தாவளம்

முதலில் அசல். வளைவில் ஐந்து இடம், இடத்துக்கு ஐந்து பந்து. ஐந்தில் நான்கு பந்துக்கு ஒரு புள்ளி, கடைசி வண்ணப் பந்துக்கு இரண்டு. ஓர் இடத்தை வீரரே தேர்ந்துகொண்டு அங்கே ஐந்தையும் வண்ணப் பந்தாக வைத்துக்கொள்ளலாம். 2020 முதல் இன்னும் தள்ளி இரண்டு இடத்தில் ஒவ்வொரு பந்து, மூன்று புள்ளிக்கு. ஆக 27 பந்து, 70 வினாடி, அதிகபட்சம் 40 புள்ளி. ஒரு பந்துக்கு இரண்டரை வினாடிக்குச் சற்றுக் கூடுதல், நடப்பதும் அதற்குள்.

பத்துப் பந்து இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஐந்து இடம், இடத்துக்கு இரண்டு பந்து. முதல் பந்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு புள்ளி. வீரர் தேர்ந்த ஓர் இடத்தில் இரண்டுமே இரண்டு புள்ளி. நேரம் 30 வினாடி. ஒரு சுற்றின் அதிகபட்சம் 16. ஆளுக்கு இரண்டு சுற்று தந்து கூட்டுங்கள். எறிந்த பந்தைப் பொறுக்கி அடுத்த இடத்துக்கு அனுப்பி 25 எறிய வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு பந்து சாக்கடைப் பக்கம் உருண்டால் தகராறு அங்கேயே தொடங்கிவிடும்.

கோடு: வளையத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். அதிலிருந்து 6.75 மீட்டர் வளைவு. மூலைகளில் மட்டும் பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேர்கோடு. இது சர்வதேச அளவு. என்.பி.ஏ. தூரமான 7.24 மீட்டரை வைத்தால் பந்து வளையம்வரை போகாமல் பந்தயம் சிரிப்பாகிவிடும். கயிற்றால் அளக்காதீர்கள், கயிறு இழுபட்டு வளைவு ஒரு பக்கம் பெருத்துவிடும். அளவு டேப்பே நல்லது. வளையத்தின் உயரம் 3.05 மீட்டர் இருக்கிறதா என்று அன்று காலையிலேயே பாருங்கள். முன்பக்கம் தொங்கிப்போன வளையங்கள் நம் ஊரில் ஏராளம்.

பந்து: 1.80 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அதன் தலை 1.20 முதல் 1.40 மீட்டருக்குள் எழும்ப வேண்டும். அதைவிட முக்கியம், பத்தும் ஒரே அளவு எழும்ப வேண்டும். காற்று குறைந்த ஒரே ஒரு பந்து வீரரின் கையை அடுத்த மூன்று எறிக்குக் கெடுத்துவிடும். இரட்டைப் புள்ளிப் பந்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், வழுக்கும். வேறு நிறப் பந்து வாங்க முடியாவிட்டால் வைக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். பள்ளிக்கூட டெஸ்க் இடுப்பளவு உயரம், போதும். பந்து உருளாமலிருக்க அதன் மேல் பானை வைக்கும் பிரிமணை இரண்டு. சைக்கிள் டயரை வெட்டிப் போட்டவர்களும் உண்டு, ஆனால் எடுக்கும்போது பந்தோடு டயரும் வருகிறது.

புது நைலான் வலை பந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அடுத்த பந்து வந்து அதில் மோதித் தெறிக்கும். முதல் நாளே நூறு பந்தாவது போட்டு வலையைத் தளர்த்திவிடுங்கள். பந்து பொறுக்க மூன்று பேர், வளையத்துக்கு அடியில் நிற்கக் கூடாது. ஒருவர் புள்ளி எழுத, ஒருவர் காலைப் பார்க்க: கோட்டை மிதித்து எறிந்தால் அந்தப் பந்து செல்லாது. விசிலுக்கு முன் கையை விட்டுப்போன பந்து செல்லும்.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு சங்கடம், காற்று. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் அடிக்கும் காற்றுக்கு ஏழு மீட்டர் பறக்கும் பந்து தாங்காது. ஆகவே எல்லோரும் ஒரே வளையத்தில், ஒரே மணி நேரத்துக்குள் எறிய வேண்டும். காலையில் சிலர், மாலையில் சிலர் என்று பிரித்தால் பரிசு காற்றுக்குத்தான் போகும்.

ரசிகர்கள் ஓட்டுப் போட்டு வீரரைத் தேர்வது சரியா? எங்கள் வாலிபால் போட்டியில் சிறந்த வீரருக்கு வாட்ஸ்ஆப் ஓட்டு வைத்து ஊரே இரண்டுபட்டது.
– செங்கோட்டை

இரண்டு லீகும் இதில் சூடு கண்டவைதான். 2015-இல் ஹாக்கி ஓட்டில் முதலிடம் பிடித்தவர் பஃபலோ அணியின் செம்கஸ் கிர்கென்சன்ஸ். காரணம் எளிது: அவர் லாத்வியாக்காரர், அந்தச் சின்ன நாடே திரண்டு ஓட்டுப் போட்டது. அடுத்த ஆண்டு ரசிகர்கள் குறும்புக்காக ஜான் ஸ்காட்டைத் தேர்ந்தார்கள். 2.03 மீட்டர் உயரம், சண்டைக்கென்றே அணியில் இருந்தவர், லீக் வாழ்க்கையில் மொத்தம் ஐந்து கோல். இடையில் அவரை வேறு அணிக்கு மாற்றிக் கீழ்மட்ட லீகுக்கே அனுப்பிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பவே லீக் அவரை ஆடவிட்டது. பசிபிக் அணியின் கேப்டனாக இறங்கி இரண்டு கோல் போட்டு, சிறந்த வீரராகவும் ரசிகர்கள் கையாலேயே தேர்வானார். கேலிக்கு எடுத்த ஆள் கேலியை விழுங்கிவிட்டார்.

கூடைப்பந்தில் அதே 2016-இல் ஜார்ஜியா நாட்டு ஸாஸா பச்சூலியா, முதல் ஐவரில் ஒருவராகும் அளவுக்கு நெருங்கினார். லீக் சுதாரித்துக்கொண்டது. 2017 முதல் ரசிகர் ஓட்டுக்கு 50 சதவீதம், வீரர்களுக்கு 25, பத்திரிகையாளர்களுக்கு 25. இது ஐவருக்கு மட்டும். மீதி ஏழு பேரைப் பயிற்சியாளர்கள் தேர்ந்தார்கள்.

உங்கள் போட்டிக்கும் இதுவே வழி: நடுவர்கள், அணித் தலைவர்கள், பார்வையாளர்கள் மூன்று பங்கு. முடிவை மட்டுமல்ல, மூன்று பட்டியலையும் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

பள்ளியில் ஹாக்கி (நம் ஹாக்கி) சொல்லித் தருகிறேன். என்.ஹெச்.எல். திறன் போட்டிகளில் எவற்றைப் பிள்ளைகளுக்கு வைக்கலாம்?
– உடற்கல்வி ஆசிரியர், நகரி

குறி பார்த்து அடிப்பதை வையுங்கள். அங்கே கோல் சட்டத்தின் நான்கு மூலைகளில் இலக்குகள், நான்கையும் யார் விரைவில் அடிக்கிறார் என்று பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு மேல் மூலைகள் வேண்டாம்; உயரப் பந்து பழகாத கையில் ஆபத்து. கோலின் பின்பலகை 46 சென்டிமீட்டர் உயரம். அதன் இரு ஓரத்திலும் 40 சென்டிமீட்டர் சதுரமாகச் சாக்குத் துணி தொங்கவிடுங்கள். பட்டால் பந்து அங்கேயே விழும், பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் வராது. பெனால்டி புள்ளியான 6.40 மீட்டரிலிருந்து ஆறு பந்து, மாறி மாறி இடம், வலம். மண் தரையென்றால் அடிக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டுக்கொள்ளுங்கள்.

வேகமாக அடிக்கும் போட்டியில் என்.ஹெச்.எல். சாதனை ஸ்டெனோ சாராவுடையது: 2012-இல் மணிக்கு 108.8 மைல், அதாவது 175 கிலோமீட்டர். இதற்கு ராடார் கருவி வேண்டும். ஸ்டாப்வாட்ச் உதவாது; 14 மீட்டரைப் பந்து அரை வினாடியில் கடக்கும்போது, உங்கள் விரலின் தாமதமே அதில் பாதி. கைபேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருந்தால் பக்கவாட்டில் வைத்து எடுங்கள். 14 மீட்டரைக் கடக்க 112 படம் ஆனால் வேகம் வினாடிக்கு 30 மீட்டர், மணிக்கு 108 கிலோமீட்டர். கோலில் கீப்பர் இருக்கக் கூடாது, பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது.

இந்தத் திறன் போட்டிகளில் ஹாக்கியே எங்களுக்குப் பிடித்தது. கூடைப்பந்தின் டங்க் பந்தயத்துக்குப் பெரிய பெயர்கள் வருவது நின்றுபோய் நாளாகிறது. 2023, 2024, 2025 மூன்றிலும் வென்ற மாக் மெக்லங், லீக் ஆட்டங்களில் அபூர்வமாகத் தலைகாட்டியவர். ஹாக்கியில் 2024-இல் 12 பேர், வெல்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். வென்றவர் லீகின் முதல் பெயரான கானர் மெக்டேவிட்டேதான்.

பெண்கள் இவற்றில் கலந்துகொண்டதுண்டா?
– பள்ளி அணி வீராங்கனை, கம்பம்

உண்டு. ஹாக்கியில், 2019-இல் சான் ஹோசேயில் கெண்டல் கோய்ன் ஸ்கோஃபீல்ட், காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக வேகச் சறுக்கலில் இறங்கினார். தளத்தைச் சுற்றி வர 14.346 வினாடி. எட்டுப் பேரில் கடைசி அவரில்லை, ஓர் ஆண் வீரரை முந்தினார். கூடைப்பந்தில், 2024-இல் சப்ரினா அயோனெஸ்கு, ஸ்டீபன் கர்ரியுடன் மூன்று புள்ளி எறியும் தனிப் பந்தயத்தில் மோதினார். ஆண்களின் தூரம், பெண்களின் சற்றுச் சின்ன பந்து. கர்ரி 29, சப்ரினா 26. அன்று ஆண்கள் பந்தயத்தில் வென்ற டேமியன் லில்லார்டின் இறுதிச் சுற்றுக் கணக்கும் 26-தான்.

இரண்டில் எது முதலில் வந்தது?
– களியக்காவிளை

ஹாக்கி. 1933 டிசம்பரில் பாஸ்டனின் எடி ஷோர் மோதியதில் டொராண்டோவின் ஏஸ் பெய்லி மண்டை உடைந்து ஆட்ட வாழ்வே முடிந்தது. அவருக்கு நிதி திரட்ட 1934 பிப்ரவரி 14 அன்று டொராண்டோ அணியும் மற்ற அணிகளின் நட்சத்திரங்களும் ஆடினார்கள், டொராண்டோ 7–3. நட்சத்திர அணியில் ஷோரும் இருந்தார். ஆட்டத்துக்கு முன் பெய்லி அவரோடு கைகுலுக்கினார். ஆண்டுதோறும் நடப்பது 1947 முதல். கூடைப்பந்து 1951 மார்ச் 2, பாஸ்டன், கிழக்கு 111–94. கல்லூரிக் கூடைப்பந்தில் சூதாட்ட ஊழல் வெடித்த நேரம் அது. கூட்டத்தை மீட்கத்தான் அந்த யோசனையே. நஷ்டம் வந்தால் தன் பொறுப்பு என்று பாஸ்டன் உரிமையாளர் வால்டர் பிரவுன் ஏற்றுக்கொண்டார். வந்தவர்கள் 10,094 பேர்.

நாடுகளுக்கிடையே மோதவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?
– குப்பம்

ஹாக்கியில் சரியானது. 2025-இல் ஆல்-ஸ்டாரை நிறுத்திவிட்டு கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து நான்கையும் மோதவிட்டார்கள். அணிக்கு 23 பேர், எல்லோரும் என்.ஹெச்.எல். வீரர்கள், மொத்தம் ஏழு ஆட்டம், வழக்கமான ஐவர் ஆட்டம், மோதல் உண்டு. பிப்ரவரி 15 அன்று மான்ட்ரியலில் கனடா–அமெரிக்கா ஆட்டம் தொடங்கிய ஒன்பது வினாடிக்குள் மூன்று கைகலப்பு. 20-ஆம் தேதி பாஸ்டனில் இறுதி. கூடுதல் நேரத்தில் மெக்டேவிட் கோல், கனடா 3–2. விலையும் கொடுத்தார்கள்: அமெரிக்காவின் மாத்யூ ட்கசக் காயம்பட்டு லீக் சுற்றின் எஞ்சிய ஆட்டங்களை இழந்தார். அவரது ஃபுளோரிடா அணி நிர்வாகிகள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

என்.பி.ஏ. 2026-இல் அமெரிக்காவுக்கு இரண்டு அணி, பிற நாட்டவருக்கு ஒரு அணி, 12 நிமிட ஆட்டங்கள் நான்கு என்று வைத்தது. ஆட்டத்தைச் சுருக்கியது நல்லது. ஆனால் "பிற நாடுகள்" என்ற அணிக்கு ஊர் இல்லை, கொடி இல்லை. செர்பியக்காரரும் கனடாக்காரரும் ஒரே சட்டை போட்டால் யாருக்காக ஆடுகிறார்கள்? ஹாக்கியிலும் 1998 முதல் 2002 வரை வட அமெரிக்கா எதிர் உலகம் என்று ஆடிப் பார்த்துக் கைவிட்டதுதான். கூடைப்பந்தில் செர்பியா, பிரான்ஸ், கனடாவைத் தனித்தனியாக இறக்கும் துணிச்சல் வந்தால் பார்ப்போம்.

நம் நேரத்துக்கு எப்போது வரும்?
– பலமநேர்

இரண்டும் வழக்கமாக ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். அந்த மாதங்களில் நியூயார்க் நேரத்தோடு பத்தரை மணி நேரம் கூட்டுங்கள். அங்கே ஞாயிறு இரவு 8 என்றால் இங்கே திங்கள் காலை 6.30. எறிதல், டங்க் பந்தயங்கள் அங்கே சனி இரவு, நமக்கு ஞாயிறு காலை. ஒன்றுதான் பார்க்க முடியுமென்றால் ஞாயிறு காலையில் எழுந்திருங்கள்.